நோய் நிதி ராஜ்யம் தாண்டிய கதை

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆனால் பெங்களூரில் இன்றைக்கு ஓடிக்கொண்டிருக்கிற பெரிய பெரிய இயந்திரங்கள் பலவற்றைப் பீடத்தில் தூக்கி உட்காரவைத்தது இந்தக் கைதான். கிரேன் என்ற பேச்சே இல்லாத காலத்தில் மரக்கம்பம் நட்டு, கப்பியும் வடமும் பூட்டி, ஒரு மில்லின் புகைபோக்கியை நிமிர்த்தி நிறுத்தினேன். படித்த இன்ஜினீயர் ஒருவர் முடியாது என்று சொல்லிவிட்டுப் போன வேலை அது. பிறகு திருவெறும்பூருக்கு வந்தேன். இங்கே முள்காடாகக் கிடந்த இடத்தில் இரும்புத் தூண்களை எழுப்பிய கேங்குகளில் ஒன்றுக்கு நான் மேஸ்திரி. நான் ஏற்றியது எதுவும் இதுவரை சாய்ந்தது கிடையாது. பக்கத்தில் காட்டூரில் சொந்தமாக ஓட்டு வீடு கட்டினேன், இரண்டு பெண்களைக் கரையேற்றினேன். இவையெல்லாம் ஊருக்கே தெரிந்த சங்கதிகள். தெரியாத ஒன்று இருக்கிறது. கண்டோன்மெண்டில் நாம் ஆரம்பித்த நோய் நிதி, மைசூர் ராஜ்யத்தைத் தாண்டி வந்தவனுக்கும் கைகொடுக்கும்படி செய்தவன் நான். அதைத்தான் பெங்களூரில் இருக்கிற உங்களுக்கும், என்னைப்போல் பிழைப்புக்காக ஊர் மாறியவர்களுக்கும் எழுதுகிறேன். எழுத்தில் பிழை இருக்கலாம். விஷயத்தில் இருக்காது.

இங்கே வந்த புதிதில் எனக்கு எல்லாமே விநோதமாக இருந்தது. காட்டூர் சலூனில் உட்கார்ந்திருக்கிறேன். கத்தியைத் தீட்டிக்கொண்டே நாவிதர் சொல்கிறார்: "கொஞ்சம் தெக்கால சாயுங்க." எனக்கு எது தெற்கு, எது வடக்கு என்று தெரிந்தால்தானே? ஒரு பக்கம் சாய்ந்தேன். "அது மேக்குங்க" என்றார். "லெப்டு, ரைட்டுன்னு சொல்லுப்பா" என்றேன். அவர் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்: "லெப்டுன்னா உங்களுக்கு லெப்டா, எனக்கு லெப்டாங்க?" இந்த ஊரில் பாயில் தள்ளிப் படுக்கச் சொல்வதற்கும் திசைதான். குடத்தைக் கிழக்கே நகர்த்து என்பார்கள். யோசித்துப் பாருங்கள், பளு ஏற்றுகிற எங்கள் தூக்கு வேலையில் பாதி விபத்து இந்த லெப்டு ரைட்டால் வருவது. மேலே நிற்கிறவனுக்கு லெப்டு கீழே நிற்கிறவனுக்கு ரைட்டு. தெற்கு எல்லோருக்கும் ஒரே தெற்கு. மறுநாளே என் கேங்கில் லெப்டு ரைட்டை ஒழித்துவிட்டேன். நல்லது எங்கே இருந்தாலும் எடுத்துக்கொள்கிறவன் நான். இந்த ஊரில் எடுத்துக்கொள்ள நிறைய இருந்தது.

நிதியின் கதையைச் சொல்லிவிடுகிறேன். சின்னப் பையன்களுக்கு அது தெரிந்திருக்காது. தொழிற்சாலைக்குள் மாதச் சம்பளம் வாங்குகிறவர்களுக்குச் சர்க்கார் இன்ஷூரன்ஸ் வந்த காலம் அது. காண்ட்ராக்டில் தூக்கு வேலைக்குப் போகிற நமக்கு அது கிடையாது. இயந்திரத்தை உள்ளே வைத்துவிட்டு நாம் வெளியே வந்துவிடுவோம், அதற்குப் பிறகு வருகிறவனுக்குத்தான் டாக்டரும் மருந்தும். அதனால் நாமே வாரா வாரம் போட்டுச் சேர்த்ததுதான் நோய் நிதி. மெம்பரோ மெம்பரின் குடும்பமோ படுத்தால் வைத்தியச் செலவு நிதியுடையது. ஆரம்பத்தில் வாய்ச்சொல்லே போதுமாக இருந்தது. ஒருநாள் டைபாய்டு என்று உதவி வாங்கினவன் ஒருத்தன், சாயங்காலம் ரேஸ் கோர்ஸில் குதிரையின் பெயரைச் சொல்லித் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் நின்றிருந்தது நிதியின் செக்ரட்டரி தாவீது. தாவீது அங்கே எதற்குப் போனான் என்று யாரும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு வந்ததுதான் 'பார்வை' என்ற ரூல். படுத்தவரை நிதி மெம்பர் ஒருவர் நேரில் போய்ப் பார்த்து, கண்டதை எழுதித் தரவேண்டும். பார்க்கிறவர் சொந்தக்காரராக இருக்கக்கூடாது. ஒரே உலையில் வெந்த சோற்றைச் சாப்பிடுகிறவராகவும் இருக்கக்கூடாது. உப்பைத் தின்றவன் உள்ளதைச் சொல்லமாட்டான் என்பது தாவீதின் எண்ணம்.

அறுபதுகளின் தொடக்கத்தில் திருச்சிப் பக்கம் பெரிய தொழிற்சாலை எழும்புகிறது, தூக்கு வேலைக்கு ஆள் வேண்டும் என்று தகவல் வந்தது. என் கேங்கை அழைத்துக்கொண்டு கிளம்பினேன். சந்தாவை மணியார்டரில் அனுப்புகிறோம், எங்கள் பெயரை எடுக்காதே என்று தாவீதிடம் சொன்னேன். அவன் தலையைச் சொறிந்தான்.

"பணம் மணியார்டர்ல வரும் முனி. பார்வை எதுல வரும்? நீங்க அல்லாரும் ஒரே மெஸ்ல துன்றீங்க. உங்களுக்குள்ளயே ஒருத்தன ஒருத்தன் பாத்து எழுதினீங்கன்னா, மெட்ராஸ் ராஜ்யத்துல தினம் ஒருத்தனுக்கு டைபாய்டு வரும்."

என் கேங்கில் எனக்கு வலது கையாக இருந்த ஜபார் பாய் பக்கத்தில் நின்றிருந்தார். "கவலப்படாத தாவீது. அந்த ஊர்ல ரேஸ் கோர்ஸ் கிடையாது" என்றார். தாவீது சிரித்தான், ஆனால் பிடியை விடவில்லை. போகிற ஊரில் எங்கள் மெஸ்ஸில் சாப்பிடாத ஒரு ஆளை மெம்பராகச் சேர்த்துக்கொள்ளலாம், அவர் பார்வை எழுதலாம் என்றான். முதல் நோயாளி விவகாரம் ஒழுங்காக நடந்தால் நிதி எங்களோடு தொடரும், அதில் கோளாறு வந்தால் ராஜ்யம் விட்டுப் போனவர்கள் எல்லோர் பெயரையும் எடுத்துவிடுவோம் என்று கமிட்டியும் முடிவு செய்தது. சரி என்று சொல்லிவிட்டு ரயில் ஏறினோம்.

திருவெறும்பூரில் தகரக் கொட்டகை வரிசையில் எங்களுக்கு இடம் கொடுத்தார்கள். அந்த வெயிலைப் பற்றி நான் எழுதினால் பெங்களூரில் இருக்கிற நீங்கள் நம்பமாட்டீர்கள். காலையில் குழாயைத் திறந்தால் வெந்நீர் வரும். ஆனால் ஜனங்கள் குளிர்ந்த மனசுக்காரர்கள். பஸ்ஸில் கண்டக்டர் கூட "உள்ள போங்க, உக்காருங்க" என்பார். நாம் அங்கே அண்ணன் தம்பியையே "வாடா, போடா" என்று கூப்பிட்டு வளர்ந்தவர்கள். என் மனைவி கன்னியம்மா பேசினால் கடைக்காரப் பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பார்கள். "அக்கா, இன்னொரு தரம் 'கீது'ன்னு சொல்லுங்க" என்று கேட்பார்கள். அவளும் சலிக்காமல் சொல்லிக் காட்டுவாள். தமிழ் பேசிக்கொண்டே வேற்று நாட்டில் இருக்கிறோம் என்று எனக்குத் தோன்றும். கேங் முழுவதற்கும் கன்னியம்மாதான் சமையல். விடிவதற்குள் உலை கொதிக்கும். அவள் கையால் சாப்பிடாத ஆள் எங்கள் வரிசையில் கிடையாது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதுதான் வில்லங்கமாக வந்து நின்றது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளை ஸ்ரீரங்கம் அழைத்துப் போனேன். தெற்கு வாசலில் பாதியில் நின்றுபோன கோபுரம் ஒன்று இருக்கிறது. மொட்டைக் கோபுரம் என்பார்கள். அடித்தளமும் வாசலும் மட்டும்தான், மேலே வானம். அந்த நிலைக்கல் ஒவ்வொன்றையும் பார்த்துப் பிரமித்துவிட்டேன். கோவிலுக்குள் போகிற ஞாபகமே இல்லாமல், எங்கே கம்பம் நட்டிருப்பார்கள், எத்தனை யானை இழுத்திருக்கும் என்று கையை ஆட்டி ஆட்டிக் கன்னியம்மாவுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். "எனக்கு ஒரு டெரிக் கம்பமும் நம்ம பசங்களும் இருந்தா, மேல மிச்சத்த நான் ஏத்திக் காட்டுவேன்" என்றேன். பின்னால் யாரோ சிரித்தார்கள். நெற்றியில் திருமண், தோளில் துண்டு, கையில் குடை. நெடுநெடுவென்ற உருவம்.

"ராஜாக்கள் விட்டதை நீர் முடிச்சு வெக்கப் போறீரோ? பெருமாள்கிட்ட சொல்லியாச்சா?"

"சாமி, அவரு சரின்னா நாளைக்கே ஆரம்பிச்சுடலாம்" என்றேன்.

அவர் பெயர் வரதாச்சாரி. ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். பெங்களூர் என்று நான் சொன்னதும் அவர் கன்னடத்தில் பேச ஆரம்பித்தார். நான் தமிழில் பதில் சொன்னேன். அவர் என் கன்னடம் மட்டமென்று நினைத்து இன்னும் நிறுத்தி நிறுத்திக் கன்னடத்திலேயே சொன்னார். கன்னியம்மாதான், "சாமி, எங்களுக்கும் தமிழ்தான் சாமி" என்று அழாத குறையாகச் சொன்னாள். மூன்று பேரும் சிரித்தோம். அதற்குப் பிறகு ஸ்ரீரங்கம் போகும்போதெல்லாம் அவரைப் பார்ப்பேன். அவர் வீட்டு ரேழியில் பெஞ்சில் உட்கார்ந்து பேசுவோம். தண்டவாளம், இரும்பு, பளு என்று பேச அவருக்கும் ஆள் தேவைப்பட்டது.

அடுத்த வருஷம் கன்னியம்மாவுக்கு உதிரப்போக்கு நிற்கவில்லை. பல மாதமாக மறைத்திருக்கிறாள். அடுப்படியில் மயங்கி விழுந்த பிறகுதான் எனக்குத் தெரியும். டவுனில் கன்னியாஸ்திரீகள் நடத்திய ஓர் ஆஸ்பத்திரியில் லேடி டாக்டர் பார்த்தார். கர்ப்பப்பையில் கட்டி, ஆபரேஷன் செய்ய வேண்டும், தள்ளிப்போட்டால் ரத்தம் குறைந்துகொண்டே போகும், பிறகு கத்தி வைக்கவும் முடியாது என்றார். என் சேமிப்பெல்லாம் அப்போதுதான் பெரிய பெண்ணின் கல்யாணத்தில் போயிருந்தது. சொந்த ஊரில் என்றால் நாலு வீடு ஏறி இறங்கினால் காரியம் ஆகும். மாமன், மச்சான், சம்பந்தி, தெருக்காரன் என்று மனிதர்களே அங்கே இன்ஷூரன்ஸ். ராஜ்யம் மாறி வந்தவனுக்கு ஏறி இறங்க எந்த வீடு இருக்கிறது? அப்போதுதான் நோய் நிதி எவ்வளவு பெரிய சமாசாரம் என்று எனக்கே உறைத்தது. தாவீதுக்கு எழுதினேன். டாக்டர் சீட்டு போதாது, பார்வை வரட்டும் என்று பதில் வந்தது. கேங்கில் இருந்த அத்தனை பேரும் நிதி மெம்பர்கள். அத்தனை பேரும் கன்னியம்மாவின் உலைச் சோற்றைச் சாப்பிட்டவர்கள். ஒருவனுக்கும் அவளைப் பார்த்து எழுத யோக்கியதை இல்லை.

வரதாச்சாரியிடம் போனேன். விஷயத்தைக் கேட்டதும் அவருக்கு நிதியே பிடித்துப்போய்விட்டது. கூலிக்காரர்கள் தாங்களாக இப்படி ஒன்று நடத்துகிறார்களா என்று திரும்பத் திரும்பக் கேட்டார். மெம்பராகச் சேர்ந்து சந்தாவும் கட்டினார். ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"மேஸ்திரி, நான் கார்டா இருந்தவன். கண்ணால பார்த்ததை எழுதுவேன். பார்க்காததை எழுத மாட்டேன். அப்புறம் என்மேல வருத்தப்படக் கூடாது."

"அதுதான் சாமி எங்களுக்கும் வேணும்" என்றேன்.

அவர் வருகிறார் என்று தெரிந்ததும் கன்னியம்மாவுக்குக் கை கால் ஓடவில்லை. ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு பெரியவர் நம் தகரக் கொட்டகைக்கு வருவதாவது! நான் பஸ் நிற்கும் இடத்துக்குப் போய் அவரை அழைத்துக்கொண்டு வந்தபோது வாசலில் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டிருந்தது. உள்ளே தரை மெழுகியிருந்தது. கயிற்றுக் கட்டிலைச் சுருட்டிய பாயோடு மூலைக்குத் தள்ளியிருந்தாள். தலை குளித்து, மஞ்சள் பூசி, பூ வைத்து, பெண்ணின் கல்யாணத்துக்கு எடுத்த புதுப்புடவையைக் கட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றாள். நம் வீட்டில் அவர் எதுவும் சாப்பிடமாட்டார் என்பதற்காக, தோல் உரிக்காத வாழைப்பழமும் சீவாத இளநீரும் தட்டில் வைத்து நீட்டினாள். அவர் உட்காரும் வரை நின்றாள். உட்கார்ந்த பிறகும் நின்றாள்.

"உடம்பு எப்படிம்மா இருக்கு?"

"உங்க புண்ணியத்துல நல்லா கீறேன் சாமி."

அவளைக் கிள்ளலாம் என்றால் நடுவில் அவர் உட்கார்ந்திருக்கிறார். ஆனால் அவளைக் குறை சொல்லவும் முடியவில்லை. நம் பெண்கள் எல்லோரும் அப்படித்தானே? வீடு தேடி வந்த பெரியவரிடம் எனக்கு உடம்பு சரியில்லை என்று யாராவது சொல்வார்களா? வரதாச்சாரி பழத்தை எடுத்துக்கொண்டார், அவளை ஆசீர்வதித்தார், போய்விட்டார். பார்வையை அவரே நேராகப் பெங்களூருக்கு அனுப்பினார்.

பத்து நாள் போல ஆகியிருக்கும், தாவீதின் கடிதம் வந்தது. நோயாளி நின்றுகொண்டிருந்தார், புதுப்புடவை கட்டியிருந்தார், வீட்டை மெழுகிக் கோலமிட்டிருந்தார், நலமாக இருப்பதாகத் தன் வாயாலேயே சொன்னார் என்று பார்வையில் இருக்கிறதாம். இதற்கு உதவி கொடுக்க முடியாது, அடுத்த ஞாயிறு கமிட்டி கூடும்போது திருச்சிக்காரர்கள் பெயரை எடுப்பது பற்றியும் பேசப்போகிறோம் என்று எழுதியிருந்தான். கேங்கே ஆடிப்போய்விட்டது. நாளைக்கு எவன் காலில் இரும்பு விழுந்தாலும் கேட்க நாதி கிடையாது. ஜபார் பாய் மட்டும், "நம்ம ஊருல நோயில்லாதவன் படுத்துக் காசு வாங்கினான். தங்கச்சி நோயோட நின்னு அதத் திருப்பிக் கட்டிடுச்சு" என்றார். கன்னியம்மா கட்டிலில் சுருண்டு படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். "நான் இன்னா பண்ணட்டும் பாய்? அவர் முன்னாடி படுத்துனு இருக்க எனக்குக் கூச்சமா இருக்காதா?" என்றாள். அவள் குரலே எழும்பவில்லை.

நான் நேராக ஸ்ரீரங்கம் போனேன். வாசலிலேயே சத்தம் போட்டேன். பெரிய மனிதர், கோவில் ஊர்க்காரர் என்றெல்லாம் பார்க்கவில்லை.

"இன்னா சாமி இப்படி எழுதிட்டீங்க? அவ சாகக் கிடக்கறா சாமி!"

"நான் என்ன ஓய் பண்ணுவேன்? நின்னுண்டு இருந்தவளைப் படுத்திண்டு இருந்தாள்னு எழுதச் சொல்றீரா?"

"கொஞ்சம் மாத்தி எழுதினா இன்னா குறைஞ்சா போயிடும்?"

"சிவப்பு எரியறபோது பச்சைன்னு சொன்னா என்ன ஆகும்னு உமக்குத் தெரியாதா? பளு தூக்கறவர்தானே நீர்!"

அன்றைக்குக் கோபத்தில் இருந்தேன், இருந்தாலும் சொல்கிறேன், எழுதினதை மாற்றாத அந்த மனிதரை அந்த நிமிஷத்திலும் எனக்குப் பிடித்திருந்தது. நானும் அப்படித்தான். வடம் தேய்ந்திருக்கிறது என்று நான் சொல்லிவிட்டால் முதலாளியே வந்தாலும் தூக்கமாட்டேன். அப்போது உள்ளே கதவுக்குப் பின்னால் இருந்து குரல் வந்தது. அவர் மனைவி கோமளம் மாமி. அதுவரை நான் அவர் முகத்தைக்கூடச் சரியாகப் பார்த்ததில்லை.

"ஏன்னா, பொம்மனாட்டி உடம்பை ஒரு ஆம்பளை போய் நாற்காலியில உக்காந்துண்டு பார்த்தா என்ன தெரியும்? உங்களைப் பார்த்தா ஜன்னி கண்டவ கூட எழுந்து நிப்பா. நான் பிரசவத்துக்கு வலி எடுத்திண்டு இருக்கறச்சே உங்க அப்பா வந்தார்னு எழுந்து தீர்த்தம் கொண்டு குடுத்தேனே, மறந்துடுத்தா?"

வரதாச்சாரி மூலையில் இருந்த குடையை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார்.

"நாளைக்கு நான் போறேன்" என்றார் மாமி.

போனார். ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் மாறி, மடிசாரைப் பிடித்துக்கொண்டு, செம்மண்ணும் இரும்புத் துண்டும் கிடக்கிற எங்கள் வரிசைக்கு நடந்து வந்தார். வருகிறார் என்று கன்னியம்மாவுக்கு நான் சொல்லவில்லை. மாமியின் உத்தரவு அது. வரதாச்சாரி வெளியிலேயே நின்றுவிட்டார். கதவைத் திறந்ததும் கன்னியம்மா அரண்டுபோய் எழுந்திருக்கப் பார்த்தாள். கை ஊன்றினாள், முடியவில்லை. மாமி ஒரே எட்டில் போய் அவள் இரண்டு தோளையும் பிடித்து அழுத்திப் படுக்கவைத்தார். கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்தார். "எழுந்துக்கப்படாது. நான் உனக்கு விருந்தாளி இல்லை. உன்னைப் பார்க்க வந்தவ. படுத்துக்கோ" என்றார். பிறகு என்னை வெளியே போகச் சொன்னார். உள்ளே என்ன கேட்டார், இவள் என்ன சொன்னாள் என்பது எனக்குத் தெரியாது. இருபத்தைந்து வருஷம் குடித்தனம் செய்த என்னிடம் சொல்லாததை எல்லாம் அவள் மாமியிடம் சொல்லியிருக்கிறாள். அழுகைச் சத்தம் மட்டும் கேட்டது. மாமி வெளியே வந்தபோது முகம் வெளுத்திருந்தது.

"நான் சொல்றேன், நீங்கோ எழுதுங்கோ" என்றார் கணவரிடம்.

"நான் பார்க்காததை நான் எழுத மாட்டேனே, கோமளம்."

"அதானே! பேப்பரை இங்கே குடுங்கோ" என்று வாங்கி, குடையின் நிழலில் நின்றபடி அவரே எழுதினார்.

அவர்கள் போன பிறகு ஜபார் பாய் வழக்கம்போல வாயைத் திறந்தார். "வூட்டுக்குப் போனதும் அந்தம்மா தலைக்குக் குளிச்சிருப்பாங்க, தெரியுமா தங்கச்சி?" கன்னியம்மா மேலே தகரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "குளிச்சா குளிக்கட்டும் பாய். குளிக்கணும்னு தெரிஞ்சும் தொட்டாங்க இல்ல?" என்றாள்.

அந்தக் காகிதத்தைத் தபாலில் போட எனக்கு மனம் வரவில்லை. நானே ரயில் ஏறினேன். ஞாயிற்றுக்கிழமை கமிட்டி டீக்கடை மாடியில் கூடியிருந்தது. உங்களில் பலபேர் அங்கே இருந்தீர்கள், மறந்திருக்கமாட்டீர்கள். தாவீது படித்தான். "நான் போனபோது இவள் எழுந்திருக்கப் பார்த்தாள். முடியவில்லை. நான் பிடித்துப் படுக்கவைத்தேன். உடம்பில் ரத்தமே இல்லை. உடனே ஆபரேஷன் ஆகவேண்டும். இதற்குமேல் ஆம்பிளைகளுக்கு எழுதமாட்டேன்." அவ்வளவுதான் அதில் இருந்தது. உடனே ஆளுக்கொரு ஆட்சேபம் கிளம்பியது.

"இந்தம்மா மெம்பரே இல்லியேபா?"

"புருசன் ஒண்ணு எழுதறாரு, பொண்டாட்டி வேற எழுதறாங்க. எத்த நம்பறது?"

"பொம்பளையெல்லாம் பார்வை எழுத வந்தா நிதி உருப்பட்ட மாதிரிதான்!"

நான் எழுந்து நின்றேன். மேடைப் பேச்சு எனக்குத் தெரியாது. கேங்குக்குக் குரல் கொடுத்துப் பழகிய தொண்டை, அது போதும்.

"தாவீது, உன் சம்சாரம் ஜுரமா படுத்துக்கீறா. நான் வந்து வாசல்ல நிக்கறேன். அவ படுத்துனே இருப்பாளா, எழுந்து வருவாளா? நெஞ்சுமேல கை வெச்சுச் சொல்லு."

தாவீது என்னைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான். கடைசியில் சிரித்துவிட்டான். "டீயும் போட்டுத்தான்பா எடுத்துனு வருவா" என்றான்.

"அப்போ நீங்க அல்லாரும் எழுதின பார்வையில எத்தினி பொம்பளைங்க நோயோட நின்னாங்களோ, யாருக்குத் தெரியும்? அந்த ஐயங்கார் பொய் எழுதல. அந்தம்மாவும் பொய் எழுதல. ரெண்டுமே நெஜம். ஆம்பள பாத்தா நிப்பா, பொம்பள பாத்தாத்தான் படுப்பா. எது நோய்னு நீங்களே சொல்லுங்க."

அதற்குப் பிறகு எதிர்த்துப் பேசியவன் ஒருவனும் இல்லை. அவனவன் வீடு அவனவனுக்கு ஞாபகம் வந்திருக்கும். அன்றைக்கே தீர்மானம் ஆயிற்று. கன்னியம்மாவின் ஆபரேஷன் செலவு நிதியுடையது. பெண்களைப் பெண்களே பார்க்க வேண்டும், அதற்காக அவர்களும் மெம்பர் ஆகலாம். ராஜ்யம் விட்டுப் போனவர்கள் பெயரை எடுப்பதில்லை, சந்தா வரும்வரை நிதி அவர்களோடு போகும். போன இடத்தில் அந்த ஊர்க்காரர்களையே பார்வைக்குச் சேர்த்துக்கொள்ளலாம். கோமளம் மாமியின் பெயர் முதல் பெண் மெம்பராக ஏறியது. கீழே டீக்கடைக்காரர் எல்லோருக்கும் டீ அனுப்பினார். நான் அதைக்கூடக் குடிக்காமல் அடுத்த ரயிலைப் பிடிக்க ஓடினேன்.

ஆபரேஷன் அன்றைக்குக் கேங்கில் ஒருவனும் வேலைக்குப் போகவில்லை, ஆஸ்பத்திரி மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். மாமியும் வந்திருந்தார். லேடி டாக்டர் வெளியே வந்து தலையை அசைத்ததும், நான் மில் புகைபோக்கியை நிமிர்த்தி நிறுத்திய அன்றைக்குக்கூட விடாத மூச்சை விட்டேன். அவள் தேறி எழ மழைக்காலம் வந்துவிட்டது. அதுவரை ஜபார் பாய்தான் சமையல். கறி பிரமாதம். சோறு மட்டும் கூழ். மாமி வாரம் ஒருமுறை வந்து, "நிதிக்கு எழுத வேண்டாமா?" என்று சொல்லிக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பேசிவிட்டுப் போவார். அத்தனை முறை எழுத ரூலில் இடமே கிடையாது. கன்னியம்மாவும் அவர் முன்னால் படுத்துக்கொண்டே பேசப் பழகிக்கொண்டாள். பெங்களூரில் அவளைப் பெற்ற தாயிடம்கூட அவள் அப்படிப் படுத்துக்கொண்டு பேசியதில்லை.

இந்த ஊரை ஏன் இவ்வளவு புகழ்கிறாய் என்று நீங்கள் கேட்கலாம். எழுதினதை மாற்றாத ஒரு மனிதரும், எழுதினது போதாது என்று பஸ் ஏறி வந்த ஒரு பெண்ணும் ஒரே வீட்டில் இருக்கிற ஊர் இது. புகழாமல் என்ன செய்வேன்? இப்போது இந்த ராஜ்யத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர்கூட மாறிவிட்டது. என் கேங்குப் பையன்கள் ஆந்திராவுக்கும் பீகாருக்கும் தூக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். போன இடமெல்லாம் நிதியும் போயிருக்கிறது. அங்கே யார் யாரோ தெரியாத பாஷைக்காரப் பெண்கள், நம் பெண்களின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பார்வை எழுதுகிறார்கள்.

போன மாதம் தாவீது அனுப்பிய நிதியின் ஆண்டு மலர் வந்தது. நிதியின் வரலாறு என்று அழகாக அச்சடித்திருக்கிறீர்கள். அதில், வெளி ராஜ்ய மெம்பர்களுக்கான விதிகளைக் கமிட்டி தன் தொலைநோக்கால் உருவாக்கியது என்று இருக்கிறது. எந்தக் கமிட்டி? எங்கள் பெயரை எடுப்பதற்காகக் கூடிய கமிட்டியா? எனக்கு மாலை வேண்டாம், பொன்னாடையும் வேண்டாம். அடுத்த தடவை அச்சடிக்கும்போது அந்த வரியை எடுத்துவிட்டு, இதைச் செய்தவன் மேஸ்திரி முனிரத்தினம் என்று போடுங்கள். கோமளம் மாமியின் பெயரை எனக்கு மேலே போட்டால் நான் சண்டைக்கு வரமாட்டேன். கீழே போட்டால் கன்னியம்மா வருவாள். என் பெயருக்குப் பக்கத்தில் எந்த ஊரைப் போடுவது என்று தாவீது கேட்பான். காட்டூரில் என்னைப் 'பெங்களூர் மேஸ்திரி' என்கிறார்கள். அங்கே வந்தால் 'திருச்சிக்காரர் வந்துட்டார்' என்று நாற்காலி போடுகிறீர்கள். இரண்டு ஊரையும் போடுங்கள். இடம் போதாது என்றால் கமிட்டியின் பெயரைச் சின்ன எழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.